பங்கஜம் சொன்ன பதில்

மேலப்பொழில் மிருகக்காட்சி சாலையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்பது. இது போதாதென்று, அங்கே எல்லாரும் சீடரைத்தான் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

குருவின் பெயர் மரகதவல்லி. கரடிப் பிரிவுக்கு அவள்தான் தலைமைக் காப்பாளர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் சாவிக்கொத்து, தோளில் ஒரு துண்டு. தான் ஒரு குரு என்பது அவளுக்கே தெரியாது. யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள்.

சீடர் சந்தியாகு. முப்பது வருடம் சர்க்கஸில் கரடி பழக்கியவர். சர்க்கஸில் இனி கரடியும் புலியும் கூடாது என்று உத்தரவு வந்தபோது, அவருடைய கரடியை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். பின்னாலேயே பஸ் பிடித்து அவரும் வந்துவிட்டார். கேட் வாசலில் நான்கு நாள் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் இயக்குநர் மனசு இரங்கி ஒரு தற்காலிக வேலை கொடுத்தார். கூட்டுவது, கழுவுவது, மரகதவல்லி சொன்னதைச் செய்வது.

கரடியின் பெயர் பங்கஜம். சர்க்கஸ் நோட்டீஸில் மிஸ் பங்கஜம், சைக்கிள் ஓட்டும் சிங்காரி. இப்போது சைக்கிளும் இல்லை, சிங்காரமும் இல்லை. வயது இருபது. மூக்கில் கயிறு போட்ட ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை. உணவுக்கூடத்தில் மரகதவல்லி கரடிகளுக்குக் கேழ்வரகுக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். சந்தியாகு வந்து நின்றார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க மாஸ்டர்."

"பங்கஜம் வெளிய வரணும்னா நான் என்ன செய்யணும்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பக்கத்து அடுப்பில் இருந்த டீயை ஒரு தம்ளரில் ஊற்றி, கொஞ்சம் கலக்கி, அவரிடம் நீட்டினாள்.

குடித்தார். முகம் ஒரு கணம் கோணியது. உடனே சரியாகிவிட்டது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"நாளைக்கும் வாங்க" என்றாள் மரகதவல்லி.

அவர் கேள்வி கேட்டதில் நியாயம் இருந்தது. பங்கஜத்துக்கு ஒரு கொட்டடி கொடுத்திருந்தார்கள். அதன் கதவைத் திறந்தால் முக்கால் ஏக்கர் திடல். மண், புல், நாலு நாவல் மரம், ஒரு குட்டை, இரண்டு கறையான் புற்று. சுற்றிலும் அகழி, அதற்கு வெளியே வேலி. காலையிலிருந்து சாயங்காலம் வரை கதவு திறந்தேதான் கிடந்தது. பங்கஜம் வாசல்படி வரை வருவாள். வெளியே பார்ப்பாள். சிமெண்டு முடிந்து மண் தொடங்குகிற கோட்டில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள். பிறகு திரும்பிப் போய் மூலையில் படுத்துக்கொள்வாள். வந்து மூன்று மாதமாகியும் ஒரு கால் மண்ணில் படவில்லை.

சிமெண்டிலேயே கிடந்து பாதம் வெடித்துவிட்டது. ஒரு காலில் புண்ணும் வந்துவிட்டது. கார்த்திகை கடைசி வரை பார்ப்போம் என்றார் இயக்குநர். அதற்குள் அவள் தானாக இறங்கி நடமாடாவிட்டால் வடக்கே உள்ள ஒரு கரடி மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பிவிடுவது. மூன்று நாள் லாரிப் பயணம். சந்தியாகு அவளோடு போக முடியாது. மருத்துவர் பங்கஜத்தின் நெஞ்சில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு, போய்ச் சேர்ந்துட்டா நல்ல இடம்தான் என்றார்.

போய்ச் சேர்ந்துட்டா. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு சந்தியாகு அன்று சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

இரண்டாம் நாளும் வந்தார். இரண்டாம் நாளும் டீ. நல்லா இருக்கும்மா என்றார். மூன்றாம் நாள் அவரால் பொறுக்க முடியவில்லை.

"நான் ஒண்ணு காட்டுதேன், வாங்கம்மா."

அவளைத் திடலின் வேலிப் பக்கம் அழைத்துப் போனார். கொட்டடி வாசலைப் பார்த்து நின்றார். நாக்கை மேல் அண்ணத்தில் தட்டி டொக்கென்று ஒரு சத்தம் எழுப்பினார்.

பங்கஜம் வந்தாள். கதவைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, நேராக மண்ணில் இறங்கினாள். இன்னொரு டொக். இரண்டு காலில் எழுந்து நின்று ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சலாம் வைத்தாள். இரண்டு டொக். புல்லில் வட்டம் சுற்ற ஆரம்பித்தாள். சர்க்கஸ் வளையம் எத்தனை அடியோ, அத்தனை அடிக்கு மேல் ஒரு சாண் விலகவில்லை. புண் இருந்த காலை இழுத்து இழுத்துச் சுற்றினாள்.

"பாத்தீங்களா! வந்துட்டாள்ல!" சந்தியாகுவின் கண் பளபளத்தது. "என் குரலுக்கு உசிரையே குடுப்பா."

"நிறுத்துங்க மாஸ்டர்."

ஒரு நீண்ட டொக். பங்கஜம் சட்டென்று நின்றாள். அடுத்த சத்தத்துக்கு அவரையே பார்த்தபடி நின்றாள். வராது என்று தெரிந்ததும் கொட்டடிக்குள் போய்விட்டாள்.

"இங்க ரெண்டு புற்று இருக்கு" என்றாள் மரகதவல்லி. "கரடிக்கு அதைவிட வேற என்ன வேணும்? ஒரு தடவையாவது அந்தப் பக்கம் திரும்பினாளா?"

"நான் திரும்பச் சொல்லலியே."

"அதான்."

"அதான்னா?"

"இனிமே அந்தச் சத்தம் போடக் கூடாது. சரியா?"

"சரிம்மா" என்றார். புரியாமல்தான் சொன்னார்.

சத்தம் போடாமல் இருப்பது சின்ன விஷயமில்லை. முப்பது வருட நாக்கு. கூட்டும்போதும் குனியும்போதும் அது தானாகப் போய் அண்ணத்தைத் தொட்டது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். திடல் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு நெல்லிக்காயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். மற்ற காப்பாளர்கள், என்ன மாஸ்டர் பல்வலியா என்று விசாரித்தார்கள். தலையை மட்டும் ஆட்டினார்.

டீ தொடர்ந்தது. ஒவ்வொரு நாளும் தம்ளரை நீட்டுவாள். ஒவ்வொரு நாளும் எப்படி இருக்கு என்பாள். ஒவ்வொரு நாளும் நல்லா இருக்கும்மா என்பார்.

ஏழாம் நாள் இயக்குநர் திடீரென்று கரடிப் பிரிவுக்கு வந்தார். கூடவே வெளியூர் அதிகாரிகள் இரண்டு பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு நாற்பது பேரும் வேலி ஓரம் நின்றிருந்தார்கள். மரகதவல்லி பின்பக்கம் சாவியோடு வந்துகொண்டிருந்தாள். இன்னும் நூறு அடி தூரம்.

இயக்குநர் காலித் திடலைப் பார்த்தார். கொட்டடி மூலையில் கறுப்பாகக் கிடந்ததைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பாவம். இது சரிவராது போல. இப்பவே லாரிக்குச் சொல்லி வச்சிடலாமா?"

சந்தியாகு கன்னத்தில் இருந்த நெல்லிக்காயைத் துப்பினார்.

டொக்.

பங்கஜம் வந்தாள். சலாம் வைத்தாள். வட்டம் சுற்றினாள். பிள்ளைகள் கைதட்டிக் கூத்தாடினார்கள். வந்த அதிகாரிகளில் ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். இயக்குநருக்கு வாயெல்லாம் பல்.

"அட, நல்லாத்தானே இருக்கு! எதுக்கு அனுப்பணும்? ஃபைலை இன்னைக்கே முடிச்சிடுதேன்."

அந்த நேரம் மரகதவல்லி வந்து சேர்ந்தாள். புல்லில் சுற்றிக்கொண்டிருந்த பங்கஜத்தைப் பார்த்தாள். இயக்குநரின் முகத்தைப் பார்த்தாள். சந்தியாகு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லிவிடாதீங்கம்மா என்று அந்தக் கை கெஞ்சியது.

"ஐயா, அவ வெளிய வரலை" என்றாள் மரகதவல்லி.

"என்னம்மா சொல்லுதீங்க? கண்ணு முன்னால சுத்துதே."

"ரெண்டு நிமிசம் யாரும் ஒண்ணும் செய்யாம இருப்போம் ஐயா."

இருந்தார்கள். பங்கஜம் வட்டத்தை முடித்து நின்றாள். சந்தியாகுவின் வாயைப் பார்த்தாள். அவர் வாய் அசையவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். பிறகு புண் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய், சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

பிள்ளைகள் யாரும் கைதட்டவில்லை. இயக்குநர் பெருமூச்சு விட்டார்.

"கார்த்திகை கடைசி. அதுக்கு மேல என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சந்தியாகுவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உணவுக்கூடத்தில் வாளியை எட்டி உதைத்தார். கஞ்சி தரையெல்லாம் ஓடியது.

"ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தா அவ பொழைச்சிருப்பா! நீங்கதாம்மா அவளை லாரியில ஏத்துதீங்க!"

மரகதவல்லி துண்டை எடுத்துத் தரையைத் துடைத்தாள். துடைத்து முடித்துக் கையைக் கழுவினாள். தம்ளரில் டீ ஊற்றி நீட்டினாள்.

அவ்வளவு கோபத்திலும் அவர் வாங்கிக் குடித்தார்.

"எப்படி இருக்கு மாஸ்டர்?"

"நல்லா இருக்கு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இதுல உப்புதான் போட்டிருக்கேன். சர்க்கரையே போடலை. ஏழு நாளாப் போடலை."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் குடிச்சீங்க?"

"நீங்க குடுத்தீங்க."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"எப்படிம்மா சொல்லுவேன்? நீங்க தலைமைக் காப்பாளர். நான் தற்காலிகம். நீங்க ஒரு முகம் சுளிச்சா என்னைக் கேட்டுக்கு வெளிய விட்டிருவாங்க. அப்புறம் அவளை எப்படிப் பாப்பேன்? வேற போக்கிடம் இருக்கா எனக்கு? உப்பு என்ன, வேப்பெண்ணெய் குடுத்தாலும் நல்லா இருக்குன்னுதான்…"

அங்கேயே நின்றுவிட்டார். தம்ளரைப் பார்த்தார். கூடத்தின் ஜன்னல் வழியாகக் கொட்டடியின் கூரை தெரிந்தது. அதைப் பார்த்தார்.

முதலில் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கேழ்வரகு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைத் தன் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

"மூக்குல ஓட்டை போட்டது நான்தாம்மா" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "குட்டியா இருந்தா. என் மடியிலதான் பிடிச்சு வச்சேன். அன்னைக்கு ஒரு சத்தம் போட்டா. அதுக்கப்புறம் சத்தமே போட்டதில்லை. நல்ல கரடி, அமைதியான கரடின்னு நான் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

மரகதவல்லி ஆறுதல் சொல்லவில்லை. எழுந்திருங்க, நடந்துட்டு வருவோம் என்றாள்.

அன்று செவ்வாய்க்கிழமையாக இருந்திருந்தால் விடுமுறை, கூட்டம் இருந்திருக்காது. புதன் என்பதால் பாதையெல்லாம் ஜனம். இரண்டு பேரும் ஓரமாக நடந்து தோட்டத்தின் பழைய பகுதிக்குப் போனார்கள். அங்கே கல் கட்டிய ஒரு குழி இருந்தது. ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்கு ஆழம். நடுவில் ஒரு மரத்தூண். அடியில் மழைத்தண்ணீரும் தவளையும்.

"ஜமீன் காலத்துக் கரடிக்குழி" என்றாள். "தூண் உச்சியில தேங்காய் கட்டுவாங்களாம். ஏறும். சனம் மேலேருந்து பாக்கும்."

"பாவிங்க."

"அப்படிச் சொல்லாதீங்க. அப்ப மத்தவங்க கரடியைச் சுட்டுத் தோலை மாட்டினாங்க. இந்த ஜமீன்தார் உசிரோட வச்சிருந்தாரு. பெருமையாத்தான் வச்சிருந்தாரு."

அங்கிருந்து நூறு அடியில் கம்பிக் கூண்டுகள் வரிசையாக நின்றன. இப்போது அவற்றில் மண்வெட்டியும் உரமூட்டையும்தான் குடியிருந்தன. உள்ளே தரை முழுக்க வெள்ளை ஓடு பதித்திருந்தது.

"இது எங்கப்பா வேலை பார்த்த இடம். இந்தத் தளத்துல ஒரு எறும்பு ஊர விடமாட்டாரு. தினமும் ரெண்டு வேளை பினாயில் ஊத்தித் தேய்ப்பாரு. கை தோலெல்லாம் உரிஞ்சுபோச்சு."

"நல்ல மனுசன்."

"நல்ல மனுசன்தான். உள்ள இருந்தது கரடி. எறும்பு அதுக்குச் சாப்பாடு."

சந்தியாகு குனிந்து அந்த வெள்ளைத் தரையைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் வழுவழுப்பாகத்தான் இருந்தது.

"அவருக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். தளம் சுத்தமா இருக்கணும்னு அவருக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க. ஒருநாள் ஒரு எறும்பு உள்ள வந்துடுச்சு. கரடி அதை அரை மணி நேரம் முகர்ந்துக்கிட்டே பின்னாலயே போச்சு. அப்பா துடைப்பத்தைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னாராம். மறுநாள்லேருந்து ஒரு மூலையை மட்டும் கழுவாம விட்டாரு. ரெண்டு தடவை மெமோ வாங்கினாரு."

"அப்புறம்?"

"அப்புறம் திடல் வந்துச்சு. இருபது வருசம் ஆச்சு."

குழி, கூண்டு, திடல். சந்தியாகு மூன்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு அடுத்தது என்னம்மா வரும்?"

"தெரியாது மாஸ்டர். ஒருநாள் யாராவது நம்ம திடலைப் பார்த்தும், பாவிங்க, இதுலயா வச்சிருந்தாங்கன்னு கேப்பாங்க. கேக்கணும்."

"எப்படி வச்சா சரின்னு யாருதான் சொல்லுவா?"

"உள்ள இருக்கிறவங்கதான் சொல்லணும்."

"அவங்க எப்படிச் சொல்லுவாங்க?"

"முதல்ல நாம கேக்கணும்ல?"

மறுநாளிலிருந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

கேட்கும் முறை இதுதான். ஒரே பானைக் கஞ்சி. இரண்டு தட்டு. ஒன்று கொட்டடிக்குள், அவள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில். இன்னொன்று வெளியே, மண்ணில், வாசலிலிருந்து ஐந்தடி தள்ளி. இரண்டிலும் ஒரே அளவு தேன். வைத்துவிட்டு விலகிப் போய்விட வேண்டும். கூப்பிடக் கூடாது. கண்ணால் கெஞ்சக் கூடாது. சந்தியாகு வேலிக்கு இந்தப் பக்கம், தூரத்தில் இருந்த ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னால், நெல்லிக்காயோடு உட்கார்ந்துகொள்வார்.

முதல் நாள் உள்தட்டு காலி. வெளித்தட்டில் எறும்பு. இரண்டாம் நாளும் அப்படியே. பத்தாம் நாளும் அப்படியே.

"உள்தட்டை எடுத்துடுவோம்மா" என்றார் சந்தியாகு. "ரெண்டு நாள் பசிச்சா தானா வெளிய வருவா. நாங்க சர்க்கஸ்ல இப்படித்தான்…"

"பட்டினி போட்டுக் கேட்டா அது கேள்வியா மாஸ்டர்?"

அவர் இரண்டு தட்டையும் கழுவப் போனார்.

நாள் ஓடியது. கார்த்திகையும் பிறந்தது. விடிந்ததும் அவர் மிச்சமிருந்த நாளை விரல்விட்டு எண்ணினார். ஆனால் மரத்தடியில் சும்மா உட்கார்ந்ததில் ஒன்று நடந்தது. இருபது வருடமாகத் தன் கண்ணுக்குப் படாத பங்கஜத்தை அவர் பார்க்கத் தொடங்கினார். அவள் இடது பக்கம் சாய்ந்துதான் படுப்பாள். மைனா கத்தினால் காதை மடக்குவாள். தேனை முதலில் நக்காமல் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். மரகதவல்லியிடம் இதையெல்லாம் சொல்லும்போது, பிள்ளை முதல் வார்த்தை பேசியதைச் சொல்கிற தகப்பன் மாதிரி சொன்னார்.

டீயில் இப்போது சர்க்கரைதான் இருந்தது.

கார்த்திகை கடைசியும் வந்துவிட்டது. அன்றைக்கு முந்தின இரண்டு நாளும் அடைமழை. மத்தியானம்தான் வெறித்தது. மூன்று மணிக்கு இயக்குநர் உத்தரவுத் தாளோடு வந்தார். விடிந்தால் லாரி வரும். சந்தியாகு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் நெல்லிக்காய் இருந்தது. அதைத் துப்பிவிட்டு ஒரே ஒரு சத்தம் போட்டால் போதும், அவள் மண்ணில் இறங்கி நிற்பாள் என்று அவருக்குத் தெரியும். மரகதவல்லிக்கும் தெரியும். அவள் தடுக்கவில்லை. அவர் பக்கத்தில் வந்து சும்மா நின்றாள்.

அவர் துப்பவில்லை.

அப்போது வாசலிலிருந்து நாலைந்து அடியில், நனைந்த மண்ணில் ஒரு சின்ன ஓட்டை திறந்தது. ஒரு ஈசல் வந்தது. பிறகு நாலு. பிறகு மண்ணே பொங்குவதுபோல ஈசல்.

கொட்டடிக்குள் பங்கஜம் தலையைத் தூக்கினாள்.

எழுந்து வாசலுக்கு வந்தாள். கோட்டில் மூக்கை வைத்தாள். ஈசல் ஒன்று அவள் மூக்கிலேயே வந்து உட்கார்ந்தது. நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டாள். அப்படியே நின்று யோசித்தாள். முன்கால் ஒன்று மண்ணில் இறங்கியது. சேறு விரலிடுக்கில் ஏறியதும் காலை உதறிப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சந்தியாகு மூச்சு விடவில்லை.

மறுபடி அதே கால். இந்த முறை உதறவில்லை. அடுத்த கால். பிறகு புண் ஆறாத அந்தக் கால். மெதுவாக, வட்டமாக இல்லாமல், கோணல்மாணலாக ஐந்தடி நடந்தாள். ஓட்டையில் வாயைப் பொருத்தினாள். உறிஞ்சினாள்.

பழைய மோட்டார் கிளம்புவது போன்ற சத்தம். திடல் முழுக்கக் கேட்டது.

"அது என்னம்மா சத்தம்?" சந்தியாகு மரகதவல்லியின் கையைப் பிடித்தார். "அவளுக்கு என்ன ஆச்சு? மூச்சு முட்டுதா?"

"கரடி ஈசல் தின்னா அப்படித்தான் சத்தம் வரும் மாஸ்டர்."

"நான் கேட்டதே இல்லையே."

"இப்பக் கேளுங்க."

அவர் கேட்டார். கண்ணீர் தாடைக்கு இறங்கியதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பங்கஜம் நகத்தால் மண்ணைத் தோண்டினாள். புற்று வரைக்கும் போய்விட்டாள். அதன் ஒரு பக்கத்தைப் பெயர்த்துத் தள்ளினாள். திரும்பி யாருடைய வாயையும் பார்க்கவில்லை.

இயக்குநர் மடக்கிய குடையோடு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செல்போனை எடுத்தார்.

"நாளைக்கு லாரி வேண்டாம்" என்றார். உத்தரவுத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சந்தியாகுவின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ஐந்தரைக்கு மூடும் மணி அடித்தது. மிருகங்கள் கொட்டடிக்குத் திரும்ப வேண்டிய நேரம். மற்ற பிரிவுகளில் இரும்புக் கதவுகள் இழுபடும் சத்தம் கேட்டது. பங்கஜம் புற்றுக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"இப்ப நீங்க கூப்பிடலாம் மாஸ்டர்" என்றாள் மரகதவல்லி.

"நிஜமாவா?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

சந்தியாகு நெல்லிக்காயை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். உதட்டைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருடமாக ஒரு தடவைகூடப் பொய்க்காத அந்தச் சத்தத்தை எழுப்பினார்.

டொக்.

பங்கஜம் தலையை நிமிர்த்தினாள். முகமெல்லாம் சேறு, மீசையில் ஈசல் இறக்கை. அவரைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

பிறகு திரும்பி மறுபடி புற்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சந்தியாகு அசையாமல் நின்றார். இன்னொரு முறை எழுப்ப நாக்கு அண்ணத்துக்குப் போனது. பாதியில் இறங்கிவிட்டது. வேலி ஓரத்துக் கல்லில் போய் உட்கார்ந்தார்.

"கதவு திறந்தே இருக்கட்டும்" என்றாள் மரகதவல்லி. "உள்ள போகணும்னா அவளுக்கு வழி தெரியும். நான் காவலுக்குச் சொல்லிட்டேன்."

அவள் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மூடியில் டீ ஊற்றி நீட்டினாள். அவர் வாங்கி ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. இந்தத் தடவை கோணியபடியே இருந்தது.

"உப்பு" என்றார்.

"ஆமா."

"எனக்கு வேண்டாம்மா." மூடியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

மரகதவல்லி சிரித்தாள். டீயை மண்ணில் கொட்டிவிட்டு, மூடியைக் கழுவி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். திடலில் உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து சந்தியாகு மெல்லக் கேட்டார்.

"அம்மா, அவ என்னை மறந்துட்டாளா?"

"இப்ப டீயை வேண்டாம்னு சொன்னீங்களே மாஸ்டர். என்னை மறந்துட்டுதானா சொன்னீங்க?"